முழுக்கைச் சட்டைக்குள் ஒரு நோய்: சொரியாசிஸ், வெயில், மறைத்து வாழ்தல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

41 வயது ஆண். கட்டட வரைபடம் தயாரிக்கும் வேலை. வீட்டில் மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.) சொரியாசிஸ் வந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் தலையில் வந்ததைப் பொடுகு என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் ஷாம்புவை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். பிறகு முழங்கை, முழங்கால், இடுப்பு என்று பரவியது. எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு அவர் வந்தபோது இரண்டு முன்கைகளிலும் முதுகிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்புகள் இருந்தன. தடிப்பின் மேல் வெள்ளிச் செதில், சுரண்டினால் புள்ளி புள்ளியாக ரத்தம்.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலின் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் தூண்டப்படுவதால், ஏறக்குறைய நான்கு வாரத்தில் முளைத்து முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலே வந்து குவிகின்றன. இது தொற்றாது, தொட்டாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது. இதெல்லாம் அவருக்கு எங்களைவிடச் சரளமாகத் தெரியும். 11 ஆண்டுகளில் எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருப்பார்!

எங்களிடம் வருவதற்கு எட்டு மாதம் முன்பு அலுவலகக் கூட்டம் ஒன்றில், அவர் கையை ஊன்றியிருந்த இடத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் காகிதக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தன் கோப்பை வைத்திருக்கிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து இவர் முழுக்கைச் சட்டைக்கு மாறிவிட்டார். அதுவும் வெளிர் நிறம் மட்டும். கறுப்பில் செதில் தெரியும்.

முதல் சந்திப்பு: எழுதியதும் எழுதாததும்

அந்த நாள் குறிப்பேட்டில் இருப்பவை: நோயின் பரப்பையும் கடுமையையும் அளக்கும் பாசி (PASI) மதிப்பெண் 13.6. இந்த அளவுகோல் 0 முதல் 72 வரை போகும். 10-ஐத் தாண்டினாலே லேசான நோய் என்று சொல்ல மாட்டோம். இரண்டு விரல் நகங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகள். மூட்டு வலி இல்லை, காலை விறைப்பு இல்லை, குதிகால் வலி இல்லை. தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் 10 கேள்விப் படிவத்தில் (டி.எல்.க்யூ.ஐ., அதிகபட்சம் 30) அவர் எடுத்தது 9.

6 முதல் 10 வரை வந்தால் 'மிதமான பாதிப்பு' என்பது அந்தப் படிவத்தின் கணக்கு. எனவே மனநல ஆலோசகரான என்னிடம் அவரை அனுப்பவில்லை. படிவத்தை நம்பியதில் தப்பில்லை. ஆனால் எப்படி நிரப்பியிருக்கிறார் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

குறிப்பேட்டில் ஏறாத ஒன்றைச் செவிலியர் கவனித்திருந்தார். பரிசோதனை முடிந்து எழுந்தவர், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் வெளியே போனார்.

முதல் முடிவும் அதன் காரணமும்

ஒளி சிகிச்சையைத்தான் தோல் மருத்துவர் முதலில் பேசினார். வாரம் மூன்று முறை வர வேண்டும் என்றதும் அவர் மறுத்துவிட்டார்; அத்தனை முறை வேலையை விட்டு வர முடியாது என்றார். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை என்றதும் ஈரலைப் பற்றிய பயம். கடைசியில் இரவில் பூசத் தார் களிம்பு, குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு, கூடவே ஒரு வாய்மொழி அறிவுரை: "உடம்புல கொஞ்சம் வெயில் படட்டும்."

அறிவுரையில் நியாயம் இருந்தது. பெரும்பாலான சொரியாசிஸ்காரர்களுக்கு வெயில் காலத்தில் தோல் தேறும். சிலருக்கு மட்டும் வெயிலே நோயைக் கிளப்பும். இவர் அந்த ரகமில்லை என்பதையும் மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். தோலின் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-இல் டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருக்கும் சாக்கடல் கரைக்கு இன்றும் சொரியாசிஸ்காரர்கள் வெயில் காயப் போகிறார்கள்.

குறை 'கொஞ்சம்' என்ற சொல்லில் இருந்தது. எந்த நேரத்து வெயில், எத்தனை நிமிடம், களிம்பைக் கழுவிவிட்டா, கழுவாமலா? ஒன்றும் சொல்லவில்லை. தார் பூசிய உடம்போடு வெயிலில் போகக் கூடாது என்பது மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

ஏழு வாரங்கள்

அவர் காலை ஆறேகாலுக்கு மொட்டை மாடிக்குப் போனார். அந்த நேரம் ஏன் என்று பிறகு கேட்டபோது, "பக்கத்து வீட்ல யாரும் எழுந்திருக்க மாட்டாங்க" என்றார். நாற்பது நிமிடம் சட்டையில்லாமல் நிற்பார். ஐந்து வாரம் தவறாமல் செய்தும் தடிப்பில் மாற்றமில்லை.

மாற்றம் இருந்திருக்கவும் முடியாது. சொரியாசிஸுக்கு உதவுவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்துக்குள் நெடுந்தூரம் சாய்வாக வர வேண்டியிருப்பதால் இந்தக் கதிரில் பெரும்பங்கை ஓசோன் வழியிலேயே உறிஞ்சிவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை புற ஊதா பி குறைவு என்பது எளிய கணக்கு. ஆறேகால் மணிக்கு நிழல் மாடியையே தாண்டி விழுந்திருக்கும். பகலில் அலுவலகத்தில் வெயில் விழும் சன்னலோரத்துக்கும் இடம் மாறியிருக்கிறார். கண்ணாடி புற ஊதா பி-யைத் தடுத்து, ஏ-யை மட்டும் பெருமளவு விடும். நோய்க்கு உதவுகிற வெயில் எது என்று பார்த்து அவர் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. யார் கண்ணிலும் படாத வெயிலைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஏழாவது வாரம் மனைவியும் மகளும் வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு மாடியில் பாய் விரித்துக் குப்புறப் படுத்தார். தூங்கிவிட்டார். எழுந்தபோது ஒரு மணி. முந்தின இரவு பூசிய தார் களிம்பைக் காலையில் துணியால் துடைத்தாரே தவிரக் கழுவவில்லை. தார், தோலை ஒளிக்கு அளவுக்கு மீறிக் கூச வைக்கும். தாரையும் புற ஊதா ஒளியையும் சேர்த்துச் சொரியாசிஸுக்குச் சிகிச்சை தரும் முறையை 1925-இல் கோக்கர்மன் என்ற மருத்துவர் வெளியிட்டார். அவர் அளந்து கொடுத்ததை இவர் தன்னை அறியாமலே மாடியில் அளக்காமல் எடுத்துக்கொண்டார்.

கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அன்று மாலை கண்ணாடியில் பார்த்தபோது வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. தோள் மட்டும் கொதித்தது. மறுநாள் கொப்புளம். ஏறத்தாழ 12 நாள் கழித்து, அதுவரை நோயே இல்லாத இரண்டு தோள்பட்டைகளிலும் புதிய தடிப்புகள். காயமோ தீப்புண்ணோ பட்ட இடத்தில் சொரியாசிஸ் புதிதாக முளைப்பதை, அதை 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த ஜெர்மன் தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறோம்.

ஒரு சந்திப்பைத் தவறவிட்டு அடுத்ததற்கு வந்தார். பாசி 17.1. "வெயிலும் என்னைக் கைவிட்டுடுச்சு டாக்டர்" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் மருத்துவர் என்னை அழைத்தார்.

என் அறையில்

நோயைப் பற்றிக் கேட்டால் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்வார் என்று தெரிந்ததால், "காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலே முக்காலுக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வரும். மனைவி எழுவதற்குள் தன் பக்கத்துப் படுக்கை விரிப்பை மெதுவாக உருவிச் சுருட்டிக் குளியலறைக்குக் கொண்டுபோய் உதறுவார். தலையணை உறையில் ஒட்டியிருக்கும் செதிலை எடுக்க ஒட்டு நாடா. அகலமான நாடாவைக் கையில் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுப்பார். தரையை ஈரத்துணியால் துடைப்பார். விரிப்பைத் திரும்பப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். "அவளுக்குத் தெரியாது" என்றார்.

பிறகு அந்த 9 மதிப்பெண் படிவத்தை எடுத்து இருவரும் சேர்ந்து பார்த்தோம். விளையாட்டு கடினமாக இருந்ததா? 'பொருந்தாது.' நண்பர்களோடு பழகுவதில் சிக்கலா? 'பொருந்தாது.' தாம்பத்தியத்தில்? 'பொருந்தாது.' அந்தப் படிவத்தில் 'பொருந்தாது' என்றால் மதிப்பெண் பூஜ்யம். நீச்சலை விட்டு நான்கு ஆண்டுகள், விசேஷங்களுக்குப் போவதை விட்டு இரண்டு ஆண்டுகள். விட்டுவிட்ட விஷயத்தில் கடந்த வாரம் சிக்கல் எப்படி வரும்? நேர்மையாகத்தான் நிரப்பியிருக்கிறார். வாழ்க்கை எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நல்ல மதிப்பெண் வரும் என்பதை நான் வகுப்பில் படித்திருக்கிறேன்; ஒரு மனிதரின் கையெழுத்தில் பார்த்தது அன்றுதான்.

சாக வேண்டும் என்ற நினைப்பு வருவதுண்டா என்று நேரடியாகக் கேட்டேன். தூங்கி எழாமலே போனால் நல்லது என்று தோன்றியதுண்டு, தானே எதுவும் செய்துகொள்ளும் எண்ணம் வந்ததில்லை என்றார். அதன் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் இதைக் கேட்டேன்.

மறுபடியும் திட்டமிட்டது

கொப்புளம் ஆறி முடிய மூன்று வாரம் எந்த ஒளியும் வேண்டாம் என்று முடிவாயிற்று. தார் களிம்பு நிறுத்தப்பட்டது. அதன் பிறகு குறுகிய அலைவரிசை புற ஊதா பி ஒளி சிகிச்சை. தோலை ஒளிக்குக் கூச வைக்கும் சோராலென் மாத்திரையோடு புற ஊதா ஏ தருகிற பழைய முறையும் பலன் தரும். ஆனால் நாள்பட்ட பயன்பாட்டில் தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதால் அதை எடுக்கவில்லை. மெத்தோட்ரெக்சேட் அடுத்த படியாகக் காத்திருந்தது; பயத்தோடு விழுங்கும் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுவார் என்பது எங்கள் கணிப்பு.

தடை, வேலை நேரம்தான். அலுவலகத்தில் அவர் சொல்லிவைத்திருந்தது 'முதுகுவலி'. வாரம் மூன்று முறை முதுகுவலி என்று போனால் எத்தனை வாரம் தாங்கும்? மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பதை முழுக்க அவரிடமே விட்டோம். சொல்வதானால் எப்படிச் சொல்வது என்று மட்டும் ஒத்திகை பார்த்தோம். மூன்று வாக்கியம்: என்ன நோய், தொற்றாது, எனக்கு இன்ன உதவி வேண்டும். ஒன்பது நாள் தள்ளிப்போட்டுப் பத்தாவது நாள் சொன்னார். மேலதிகாரி, "சரி, காலையில ஒரு மணி நேரம் தாமதமா வாங்க" என்று சொல்லிவிட்டுக் கணினியைப் பார்க்கத் திரும்பிவிட்டாராம். இவ்வளவுதானா என்று இவருக்குக் கோபமே வந்திருக்கிறது.

ஒளிப் பெட்டி

ஆளுயரக் குழல் விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, பிறப்புறுப்புக்கு மறைப்பு, மற்றபடி ஆடையில்லாமல் நிற்க வேண்டும். விளக்கின் அலைநீளம் 311 நானோமீட்டரை ஒட்டியது. 1981-இல் பாரிஷ், யேனிக் என்ற இரு ஆய்வாளர்கள் அலைநீளங்களைத் தனித்தனியாகச் சோதித்து, 296-க்குக் கீழே உள்ளவை தோலைச் சுடுமே தவிர நோயைத் தெளிவிக்காது, 313-ஐ ஒட்டியவை உதவும் என்று காட்டியதிலிருந்து வந்த விளக்கு இது. மாடி வெயிலில் சுடுவதும் உதவுவதும் கலந்தே வரும். இங்கே பிரித்துத் தரலாம், வினாடிக் கணக்கில் அளக்கலாம்.

அவருடைய தோல் எவ்வளவு தாங்கும் என்று சிறு கட்டங்களில் சோதித்து, அதற்கும் குறைவான அளவில் தொடங்கினோம். முதல் நாள் 40 வினாடி. வெளியே வந்தவர், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். நியாயமான கேள்விதான். சிகிச்சை நாட்களில் தனியாக வெயில் காயக் கூடாது, புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும் சொல்ல வேண்டும், முந்தின முறை எரிச்சல் இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டபின்தான் அளவைக் கூட்டுவோம் என்பவற்றை இம்முறை வாயால் சொன்னோம், திருப்பிச் சொல்லவும் சொன்னோம்.

பெட்டிக்குள் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி ஒன்றையும் சேர்த்தேன். ஒளி சிகிச்சையின்போது தியான வழிகாட்டும் ஒலிநாடா கேட்ட சொரியாசிஸ்காரர்களுக்குத் தோல் விரைவாகத் தெளிந்ததாக, தியானத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த ஜான் கபட்-ஜின் குழு 1998-இல் வெளியிட்டது. வெறும் 37 பேரை வைத்துச் செய்த ஆய்வு; அதை நம்பி நான் வாக்குறுதி எதுவும் தரவில்லை. "நேரம் போறது தெரியல" என்று மட்டும் சொன்னார். அது போதுமென்று விட்டுவிட்டேன்.

தோல் தெளிந்தது, மதிப்பெண் ஏறியது

14-வது அமர்வில் பாசி 6.2. முதுகு ஏறக்குறைய தட்டையாகியிருந்தது. ஆனால் டி.எல்.க்யூ.ஐ. 9-இலிருந்து 13 ஆகியிருந்தது. சிகிச்சை பலிக்கும்போது வாழ்க்கைத் தரம் ஏன் சரிகிறது என்று மருத்துவர் குழம்பினார்.

படிவத்தைப் பிரித்துப் பார்த்தால் விடை இருந்தது. 'பொருந்தாது' ஒன்றுகூட இல்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கூச்சம், இரண்டு மதிப்பெண். நண்பரைச் சந்தித்திருக்கிறார், பாதியில் எழுந்து வந்திருக்கிறார், இரண்டு மதிப்பெண். வெளியே கால் வைத்ததால் வந்த மதிப்பெண் இது. நான் இதை நல்ல அறிகுறி என்று எழுதினேன். மருத்துவர் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

சட்டை மட்டும் முழுக்கைதான். தடிப்பு மறைந்து கறுத்த தடம் மட்டும் மிஞ்சியிருந்த கையையும் மூடித்தான் வைத்திருந்தார். அதற்குப் படிப்படியாகப் போனோம். வீட்டுக்குள் இரண்டு மடிப்பு. அடுத்த வாரம் தெருமுனை வரை. பிறகு அலுவலகத்தில் மதியத்துக்கு மேல் மட்டும். யாராவது "இது என்ன?" என்று கேட்டால் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்தோம். அவரே எழுதியது: "சொரியாசிஸ், ஒட்டாது, நீங்க எப்படி இருக்கீங்க?" கடைசித் துண்டை நான் யோசித்திருக்கவே மாட்டேன், பேச்சைத் திருப்பிவிட அவருக்கு அதுதான் தேவைப்பட்டது. முதலில் கேட்டது மின்தூக்கியில் ஒரு சின்னப் பையன். அவனிடம் ஒத்திகை வாக்கியம் வரவில்லையாம். "தோலுக்கு அவசரம், சீக்கிரம் சீக்கிரமா வளருது" என்றாராம். பையன் ஏற்றுக்கொண்டான்.

மனைவியோடு ஒரு சந்திப்பு

அவர் சம்மதத்தோடு மனைவியை அழைத்தோம். காலை வேலையைப் பற்றி அவரே சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் விரிப்பைப் பற்றித் தொடங்கியதும் மனைவி குறுக்கிட்டார்: "தெரியும். தினமும் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன். தூங்குற மாதிரிப் படுத்திருப்பேன். எழுந்தா இவருக்கு அவமானமா இருக்கும்னு பயம் மேடம்."

இருவரும் ஒருவருக்காக ஒருவர் இரண்டு ஆண்டுகள் நாலே முக்காலுக்கு விழித்திருக்கிறார்கள். அந்த அறையில் நான் செய்ய வேண்டியது அதிகமில்லை. விரிப்பை இனி ஏழு மணிக்கு யார் எழுகிறாரோ அவர் உதறுவது என்று அவர்களே பேசி முடித்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் அவருடைய தூக்கம் ஒன்றரை மணி நேரம் கூடியிருந்தது. இரவு அரிப்பும் குறைந்திருந்தது. தோல் தெளிந்ததாலா, தூக்கத்தாலா என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது.

விளைவு

27 அமர்வுகளோடு நிறுத்தினோம். பாசி 2.4, டி.எல்.க்யூ.ஐ. 4. முழங்கைகளில் தடிப்பு மிச்சம் இருந்தது. அதைக் களிம்புக்கு விட்டோம். வெயிலையும் திரும்பக் கொடுத்தோம், இம்முறை அளந்து: நிழல் தன் உயரம் இருக்கும் நேரத்தில், ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முகத்துக்குச் சன்ஸ்கிரீன், எரிந்தால் நிறுத்திவிட்டு எங்களுக்குச் சொல்வது. இது அவர் தோலைச் சோதித்து வைத்த அளவு. இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது.

எட்டாவது மாதம் வேலை நெருக்கடியோடு நோயும் திரும்பியது. முழங்காலிலும் முன்கையிலும் புதிய தடிப்பு, பாசி 5.8. சந்திப்பைத் தவறவிடவில்லை. அரைக்கைச் சட்டையில் வந்தார். எழும்போது நாற்காலியைத் துடைத்தார். துடைத்துவிட்டுச் செவிலியரைப் பார்த்துச் சிரித்தார். நீச்சலுக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் பக்கம் மாற்றியவை

படிவத்தின் கூட்டுத்தொகையோடு எத்தனை 'பொருந்தாது' என்பதையும் தனியாகக் குறிக்கிறோம். இரண்டுக்கு மேல் இருந்தால் மதிப்பெண் என்னவானாலும் என்னிடம் அனுப்புகிறார்கள்.

'கொஞ்சம் வெயில்' என்ற அறிவுரை எங்கள் பிரிவில் இப்போது இல்லை. வெயில் சொன்னால் நேரமும் நிமிடமும் எழுதித் தர வேண்டும். சாப்பிடும் மருந்துகளையும் அதே சந்திப்பில் கேட்கிறோம். டாக்சிசைக்ளின், தயசைடு வகை ரத்த அழுத்த மாத்திரை போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். தார் களிம்பு எழுதினால் 'தார் பூசிய உடம்போடு வெயிலுக்குப் போகாதே' என்பது சீட்டின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில்.

செவிலியர் பார்த்தவற்றை எழுத குறிப்பேட்டில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். 'காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே தோல் மருத்துவர் கேட்கிறார். போன வாரம் ஒருவர் ஏழு நிமிடம் பதில் சொன்னதால் வரிசை நீண்டுவிட்டது என்று என்னிடம் புகார் சொன்னார்.